போர்டு போனா?

விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டேன். ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, எந்தப் பக்கம் எந்த போர்ட் என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்தாயிற்று. விசைப்பலகைக்கு மட்டும் பெரிய பட்டியல். அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று போய்க்கொண்டே இருந்தது. தமிழ் இல்லை, இருக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் பட்டியலில் ஒரு வெற்று விசைப்பலகை இருந்தது. ஒரு எழுத்துகூட அச்சிடாத கறுப்பு விசைகள். விரலை நம்பித் தட்டச்சு செய்கிறவர்களுக்கானது.

நான் பல வருடங்களாகத் தமிழ்99 பழகியவன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, அதிகம் வரும் மெய்கள் வலக்கைக்கு. இத்தனை நாளும் ஆங்கில எழுத்து அச்சிட்ட விசைகளின் மேல்தான் தமிழை அடித்துக்கொண்டிருந்தேன். எந்த மொழியும் எழுதியிராத விசைப்பலகையில் இரண்டு மொழிக்கும் சம பங்கு. அதையே அழுத்தினேன்.

"அப்ப நான் இதுல டைப் அடிக்கவே முடியாதா?" என்றாள் மனைவி. முடியாதுதான். அதுவும் ஒரு வசதி என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் ஐந்தோவனில். 1891-இல் பிலிப்ஸ் பிறந்த ஊர். சிப் அச்சடிக்கும் எந்திரங்கள் செய்யும் ஏஎஸ்எம்எல் பக்கத்து ஊரில் இருக்கிறது. சனிக்கிழமை கடைத்தெருவில் தமிழ்க் குரல் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே வந்து நாலு வருடம் உழைத்த என் பழைய லேப்டாப், ஒரு ஞாயிறு இரவு சார்ஜ் ஏறாமல் நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது: மதர்போர்டை மாற்ற வேண்டும், 600 யூரோவுக்கு மேல் ஆகும்.

போர்டில் என்ன பழுது என்று கேட்டேன். போர்டுதான் பழுது என்றார் அந்த இளைஞர். இல்லை, போர்டில் எது போயிருக்கிறது? அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் வகுத்த உலகத்தில் போர்டுதான் கடைசி அலகு. அதற்குக் கீழே பிளக்க முடியாது. ரேம், எஸ்எஸ்டி எல்லாம் அதன்மேலேயே பற்றவைத்தவை என்பதால் போர்டு போனால் மொத்தக் குடும்பமும் போக வேண்டியதுதான். என் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது. அதனால் பெரிய துக்கமெல்லாம் இல்லை. எரிச்சல்தான். பதிமூன்று வருடமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன், என் மேசையில் இருக்கும் பொருளுக்குள் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அந்த எரிச்சலில்தான் ஃபிரேம்வொர்க் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2012-இல் ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தபோது அதில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பொருட்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. அப்புறம் மெல்லிசான லேப்டாப் செய்தவர்களில் பெரும்பாலோர் அதே பாதையில்தான் போனார்கள். ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க காலப் பொறியாளர்களில் ஒருவரான நிரவ் படேல், எதிர்ப்பாதையில் போய்ப் பார்க்கலாம் என்று சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியதுதான் ஃபிரேம்வொர்க். முதல் லேப்டாப் 2021-இல் வந்தது. ஐஃபிக்ஸிட் இதற்குப் பத்துக்குப் பத்து போட்டது. ரேம், எஸ்எஸ்டி, இயங்குதளம் எதுவும் இல்லாமல், நீயே சேர்த்துக்கொள் என்று விற்கும் வகையும் அதில் உண்டு. நான் வாங்கியது அந்த வகை.

பெட்டியோடு ஒரு ஸ்க்ரூடிரைவர் வந்தது. லேப்டாப்போடு சார்ஜர் கொடுக்கவே யோசிக்கும் காலத்தில் ஸ்க்ரூடிரைவர்! அடிப்பக்கம் ஐந்து திருகுகள். தளர்த்தினால் கையோடு வராது, மூடியிலேயே தங்கிவிடும். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய்த் தேடும் வேலை மிச்சம். நிமிர்த்தி வைத்து விசைப்பலகை மூடியைத் தூக்கினால் காந்தப் பிடியிலிருந்து விட்டுக்கொண்டு வருகிறது. உள்ளே ஒரே ஒரு ரிப்பன் கேபிள் அதை போர்டோடு இணைக்கிறது. அதில் மட்டும் கவனம் வேண்டும். போர்டு, பேட்டரி, விசிறி, ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் பெயரும் க்யூஆர் குறியும். கைப்பேசியைக் காட்டினால் அந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது என்ற பக்கம் திறக்கிறது.

ரேமைச் சாய்த்துச் செருகிக் கீழே அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் டிக் என்று பிடித்தன. கல்லூரிக் காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எஸ்எஸ்டிக்கு ஒரு திருகு. பக்கவாட்டில் நாலு பள்ளங்கள். யூஎஸ்பி வேண்டுமா, எச்டிஎம்ஐ வேண்டுமா, அதற்கான சின்ன அட்டையை அதில் தள்ளினால் போதும். உள்ளே பார்த்தால் நாலும் யூஎஸ்பி-சிதான். அட்டைகள் எல்லாம் அழகாக உடுத்திய அடாப்டர்கள். எளிமையான யோசனை. முன்னாடியே ஏன் யாரும் செய்யவில்லை என்று தோன்றவைக்கும் வகை.

மொத்தம் அரைமணி நேரம் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் இதை 'அசெம்பிள்' செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கல்லூரி விடுதியில் கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கி, விரலைக் கிழித்துக்கொண்டு டெஸ்க்டாப் சேர்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பவர் பட்டனை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது.

டிடிஆர்5 ரேம் முதல்முறை உயிர்பெறும்போது, போர்டு அதனோடு பேசிப் பழக நேரமெடுத்துக்கொள்ளும். எந்த நொடித்துளியில் எந்தச் சமிக்ஞையை எடுப்பது என்று இரண்டும் ஒத்திகை பார்க்கின்றன. சில நிமிடம் ஆகும், பயப்படாதே என்று கையேட்டில் போட்டிருக்கிறது. படித்திருந்தேன். ஆனாலும் கறுப்புத் திரை கறுப்புத் திரைதான். மனைவி எட்டிப் பார்த்து, "ஓடலன்னா திருப்பிக் குடுத்துடலாம்ல?" என்றாள். பக்கவாட்டில் சின்ன விளக்கு எரிந்தது. விசிறி ஒருமுறை சுற்றி ஓய்ந்தது. மூன்றாவது நிமிடமோ நாலாவது நிமிடமோ, திரையில் சின்னம் வந்தது.

ஃபெடோரா போட்டேன். ஏன் உபுண்டு இல்லை, ஏன் டெபியன் இல்லை, ஏன் ஆர்ச் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அந்த விவாதத்துக்கான வயதைத் தாண்டிவிட்டேன். ஃபெடோராவில் புதிய கர்னல் சீக்கிரம் வரும், புதிய வன்பொருளுக்கு அது நல்லது, அவ்வளவுதான். பென்டிரைவில் ஏற்றி, வட்டை மறையாக்கம் செய்யச் சொல்லி ஒரு கடவுச்சொல் கொடுத்தேன். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. 2009-இல் வைஃபைக்கு டிரைவர் தேடி ஒரு வாரம் அலைந்த தலைமுறைக்கு இதில் சற்று ஏமாற்றம்கூட இருக்கும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த பகுதி. கர்னலின் பதிவேட்டைத் திறந்து படித்தேன். நான் கையால் செருகிய ஒவ்வொன்றும் அங்கே வரிவரியாக வந்திருந்தது: இவ்வளவு நினைவகம், இன்ன எஸ்எஸ்டி. ஒரு அட்டையைப் பிடுங்கினால் ஒரு வரி, திரும்பச் செருகினால் சில வரிகள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் போல யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அது விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கவாட்டு விளக்கு எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது போர்டில் இருக்கும் ஒரு குட்டி கண்ட்ரோலர் சிப். பேட்டரியும் விசிறியும்கூட அதன் பொறுப்பு. கூகுள் தன் குரோம்புக்குகளுக்காகத் திறந்துவைத்த நிரலை அடிப்படையாகக் கொண்டு ஃபிரேம்வொர்க் அதற்கு நிரல் எழுதியிருக்கிறது; அதையும் பொதுவில் வைத்திருக்கிறது. அன்றிரவு ஒரு மணிவரை அதைப் படித்தேன். மூன்று நிமிடம் என்னைப் பதறவைத்த விளக்கின் பின்னால் இருந்தது யாரோ ஒருவர் எழுதிய, நான் படிக்கக்கூடிய சி மொழி நிரல். பயாஸ் மட்டும் இன்னும் மூடிய பெட்டிதான்.

தமிழ்99-ஐச் சேர்க்க ஒரு தொகுப்பு போதும். ஐபஸ் வழியாக எம்17என். பரிசோதனைக்காக அடித்த முதல் சொல் 'கறுப்பு'. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: லினக்ஸ்காரர்கள் குடியிருக்கும் டெர்மினலில் தமிழ் இன்றும் உடைந்துதான் தெரிகிறது. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வகுத்த ஏற்பாட்டில், கொம்பும் காலும் கொண்ட நம் எழுத்துகள் உட்கார மறுக்கின்றன.

இதையெல்லாம் காட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தார். சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் போர்டு பார்க்கும் பாய்.

ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரே தெருவை அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அண்ணா சாலைக்குப் பின்னால் பின்னிக்கிடக்கும் சந்துகள் எல்லாம் சேர்ந்தது. மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடியில் பாயின் கடை. பொறியியல் மூன்றாம் வருடத்தில் நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஆறே மாதத்தில் செத்தபோது யாரோ அங்கே அனுப்பினார்கள். பாய் அதன் பிராண்டைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பிரித்து, போர்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தார். அவர்களுக்கு அந்த எண்தான் பெயர். மேலே என்ன சின்னம் ஒட்டியிருந்தாலும் உள்ளே போர்டு செய்வது தைவான் கம்பெனிகளில் ஏதோ ஒன்று. எண் தெரிந்தால் டயக்ராம் கிடைக்கும். டயக்ராம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த டயக்ராம்கள் எங்கிருந்து கசிந்தன என்று யாரும் கேட்பதில்லை. பென்டிரைவில் கடைக்குக் கடை போகும்.

அன்று அவர் செய்ததை நான் மறக்கவில்லை. சால்டரிங் அயர்ன் முனையால் ரோசினைத் தொட்டு, எழுந்த புகையை போர்டின்மேல் படியவிட்டார். பனி விழுந்த மாதிரி வெள்ளைப் பூச்சு. பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் கொடுத்தார். பூச்சில் ஒரு கடுகு அளவு இடம் மட்டும் உருகித் தெளிந்தது. "அதோ, அவன்தான்" என்றார். ஒரு கப்பாசிட்டர். எடுத்துப் போட்டார். லேப்டாப் ஓடியது. நாலு வருடம் ஈசிஇ படித்து நான் கற்றதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் கற்றேன் என்று எழுதினால் என் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். புதிய லேப்டாப்பைத் திறந்து, கேமராவில் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"கொஞ்சம் கிட்ட காட்டு தம்பி. பேட்டரி ஸ்க்ரூவா? ஒட்டலியா?"

"ஒட்டல பாய். கழட்டி மாட்டலாம்."

"கீபோர்டுல எழுத்தே இல்லையே, தேஞ்சுபோச்சா?"

விளக்கினேன். சிரித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிபா. போர்டு போனா?"

"புது போர்டு வாங்கி மாட்டணும் பாய். அவங்களே தனியா விக்கிறாங்க."

"அதத்தானே அந்த சர்வீஸ் சென்டர்காரனும் சொன்னான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று அப்புறம் சொன்னேன். இந்த போர்டின் விலை எல்லோருக்கும் தெரியும்படி போட்டிருக்கிறது. நானே வாங்கி, நானே மாட்டலாம். ரேமும் எஸ்எஸ்டியும் தப்பிக்கும். அடுத்த தலைமுறை போர்டும் இதே உடம்பில் உட்காரும். பழைய போர்டைத் தனிப்பெட்டியில் போட்டுச் சின்னக் கணினியாக ஓட்டலாம். போர்டின் அளவுகள், எந்த இணைப்பில் எந்தக் கம்பிக்கு என்ன வேலை என்பதெல்லாம் பொதுவில் இருக்கிறது.

"முழு டயக்ராம்?"

எல்லோரும் பார்க்கும்படி வைக்கவில்லை.

"அப்ப நல்ல மிஷின்தான். ஆனா இதுல எனக்கு வேலையில்ல" என்றார். அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை, கணக்குச் சொல்வதுபோல இருந்தது. ஒருகாலத்தில் அவர் மேசையில் மூன்று பையன்கள் இருந்தார்கள். ஒருவன் இப்போது மொபைல் கவர் விற்கிறான், ஒருவன் வண்டி ஓட்டுகிறான். இந்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு தளம் திறந்ததைச் சொன்னேன். "அதுல டயக்ராம் போட்ருக்கானா?" என்று கேட்டார். அவருக்கு உலகில் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து முடியும்.

ஃபோனை வைத்த பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். பாகத்தைக் கழற்றி மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் ஒரே வேலை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது ஏன்? மாற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர் போதும், கூடவே ஒரு கடை இருந்து அது பாகம் விற்க வேண்டும். பழுதுபார்க்க, எது போனது என்று கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும். லினக்ஸில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இரண்டாவது வகை. விளக்கு ஏன் எரிகிறது என்று அடிவரை இறங்கிப் பார்க்க முடிந்தது. போர்டு விஷயத்தில் பாய் கேட்பதும் அதைத்தான்.

மேசைக்கடியில் பழைய லேப்டாப் இன்னும் கிடந்தது.

நெதர்லாந்தில் ரிப்பேர் கஃபே என்று ஒன்று உண்டு. 2009-இல் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி வைத்தது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஏதாவது ஒரு சமூகக்கூடம், நாலைந்து மேசைகள், காபி. பழுதான பொருளைக் கொண்டுபோனால் தன்னார்வலர்கள் கூடவே உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் பகுதியில் நடப்பதற்கு ஒரு சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு வாய்த்தவர் எழுபது தாண்டிய பெரியவர். வாழ்நாளெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி வடிவமைத்தவராம். பவர் சப்ளை, ஹாட் ஏர், பூதக்கண்ணாடி எல்லாம் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார். போர்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டயக்ராம் இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது?

நான் போர்டின் எண்ணைப் படமெடுத்து பாய்க்கு அனுப்பினேன். இங்கே காலை பதினொன்று, அங்கே மதியம் இரண்டரை. பத்து நிமிடத்தில் கோப்பு வந்தது. கூடவே வீடியோ கால்.

"முதல்ல காயில்ல மீட்டர் வைக்கச் சொல்லு தம்பி. எந்தக் காயில் கிரவுண்டோட ஷார்ட்டுன்னு பாக்கணும்."

மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் பெரியவர் மீட்டரைக் கையில் எடுத்திருந்தார். காயில், கிரவுண்ட், ஷார்ட் என்ற மூன்று சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. அடுத்த ஒரு மணி நேரமும் நான் வினைச்சொற்களை மட்டும்தான் மொழிபெயர்த்தேன். சார்ஜர் வரும் வழியில் ஒரு காயில் ஷார்ட் காட்டியது. ரோசின் இல்லை, பெரியவர் போர்டில் ஆல்கஹால் தடவி ஒரு வோல்ட் கொடுத்தார். எது முதலில் காய்கிறது என்று மூன்று பேரும் பார்த்தோம், ஒருவர் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு கப்பாசிட்டரைச் சுற்றி ஈரம் சட்டென்று வற்றியது.

பெரியவர் அதை எடுத்துவிட்டு, மாற்றுப் போடாமல் எப்படி என்று தயங்கினார். பாய் சொன்னார்: "பந்தலுக்கு இருபது கால் இருக்கு. ஒண்ணு போனா பந்தல் விழுந்துடாது. போடச் சொல்லு பவர." இதை மட்டும் மொழிபெயர்க்க எனக்கு நேரம் பிடித்தது.

சார்ஜர் விளக்கு எரிந்தது. பெரியவர் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி பாய்க்கு ஒரு சல்யூட் வைத்தார். அந்த லேப்டாப் இப்போது மனைவியிடம் இருக்கிறது. அதிலும் ஃபெடோராதான், கேட்காமலே போட்டுவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த பழுதுபார்ப்புச் சட்டத்தைப் பிறகு ஒருநாள் படித்துப் பார்த்தேன். உத்தரவாதக் காலம் முடிந்தாலும் உற்பத்தியாளர் நியாயமான விலையில் பழுது பார்த்துத் தர வேண்டிய பொருட்களின் பட்டியல் அதில் இருக்கிறது. துணி துவைக்கும் எந்திரம் உண்டு, கைப்பேசி உண்டு. லேப்டாப் இல்லை.

அன்று சாயங்காலம் பாயைக் கூப்பிட்டேன். "எவ்வளவு பாய்?"

"வீடியோ கால்ல பண்ணதுக்கு ரேட் தெரியலியேபா. முன்னூறு போட்டு வுடு." போட்டேன். "அந்தப் பெரியவரு எவ்ளோ வாங்குனாரு?"

"அவங்க காசு வாங்க மாட்டாங்க பாய். சும்மா செய்யறாங்க."

"சும்மாவா? அப்ப சாப்பாட்டுக்கு?"

"பென்ஷன் இருக்கு பாய்."

"ஆங்" என்றார். பின்னால் யாரோ கடைப்படியில் நின்று குரல் கொடுப்பது கேட்டது. "சரி தம்பி, வச்சிடறேன். பார்ட்டி வந்திருக்கு."